முடிவில்லாத வெளி, ஒன்றுமில்லாமை, இறப்புக்குப் பின்: இருட்டில் கேட்கப்படும் கேள்விகள்

அமாவாசையை ஒட்டிய இரவுகளில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது என் பல வருடப் பழக்கம். முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் கேட்பது சனியின் வளையத்தைப் பற்றியும் தொலைநோக்கியின் விலையைப் பற்றியும்தான். நேரம் ஏற ஏற, பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத இருட்டில், கேள்வியின் குரல் மாறிவிடும். வீட்டு வெளிச்சத்தில் கேட்கக் கூச்சப்படுவதை அங்கே கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளும், என்னால் சொல்ல முடிந்த பதில்களும் இவை. அம்மாவை இழந்த பிறகு சில பதில்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிரபஞ்சத்துக்கு எல்லை இருக்கிறதா?

நம்மால் பார்க்க முடிந்த பகுதிக்கு இருக்கிறது. முழுமைக்கும் இருக்கிறதா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. ஓடுகிறது. நிலவிலிருந்து வர ஒன்றேகால் நொடி ஆகும். சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரியிலிருந்து நாலேகால் ஆண்டு. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே புகைத்திட்டு மாதிரி தெரியும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலிருந்து (கேலக்ஸி) 25 லட்சம் ஆண்டு. இன்றிரவு உங்கள் கண்ணுக்குள் விழும் அந்த ஒளி கிளம்பியபோது நம் மனித இனம் தோன்றியிருக்கவில்லை.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அதைவிடப் பழைய ஒளி கிடையாது. நமக்கு எல்லை என்று தெரிவது இதுதான். அங்கே சுவர் எதுவும் இல்லை. அதற்கு அப்பாலிருந்து ஒளி வந்துசேர இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அங்கே நின்று பார்ப்பவர் ஒருவர் இருந்தால், அவருக்கு நாம்தான் எல்லையில் இருப்போம்.

வயது 1,380 கோடி என்றால் எல்லை மட்டும் ஏன் 4,650 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்?

ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க அது கடந்த வெளியும் இழுபட்டு நீண்டுகொண்டே இருந்ததால். அந்த ஒளியை அனுப்பிய பொருள் இன்று அவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது. விண்மீன் மண்டலங்கள் விலகிப்போவதை அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். அந்த விலகல் வேகமெடுத்துக்கொண்டிருப்பது 1998இல் தெரிந்தது.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு என்னை இன்னும் விட்டபாடில்லை. சுமார் 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் மண்டலங்களிலிருந்து இந்த நொடியில் கிளம்பும் ஒளி, எவ்வளவு காலம் காத்திருந்தாலும், நம்மிடம் வந்துசேராது. அங்கே விண்மீன்கள் பிறக்கும், கோள்கள் சுற்றும், ஒருவேளை யாராவது நம்மைப் போலவே அண்ணாந்து பார்ப்பார்கள். நமக்கு ஒரு சேதியும் வராது. அதற்காக அவை இல்லை என்று ஆகிவிடாது. எட்டாதது வேறு, இல்லாதது வேறு. பின்னர் இந்த வித்தியாசத்துக்குத் திரும்பி வருகிறேன்.

எதற்குள் விரிகிறது?

எதற்குள்ளும் இல்லை. வெளியே காலி இடம் ஒன்று காத்திருக்க, அதற்குள் பிரபஞ்சம் ஊதிப் பெருக்கவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடுகிறது, அவ்வளவே. கணக்குக்கு வெளிப்பக்கம் தேவைப்படவில்லை. மனம் அதைக் கேட்கிறது என்பது உண்மைதான், என் மனமும் கேட்கும்.

முடிவில்லாதது என்று நிரூபிக்க முடியுமா?

முடியும் என்று நான் நினைக்கவில்லை. வெளி வளைந்திருக்கிறதா, தட்டையா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பிளாங்க் விண்கலம் பதிவு செய்த, பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து மிஞ்சிய ஆதிக் கதிர்வீச்சின் வரைபடத்தை மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையுடன், தட்டை என்றே வருகிறது. தட்டை என்றால் முடிவில்லாமல் நீளலாம். ஆனால் மிகப் பெரிய உருண்டையின் சின்னத் துண்டும் தட்டையாகத்தான் தெரியும். பூமியில் நின்றுகொண்டு அதை நம் முன்னோர் தட்டை என்று நம்பியது அப்படித்தானே.

இடத்தில் முடிவில்லாவிட்டாலும் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்திருக்கிறது என்பதற்கு இரவின் இருட்டே சாட்சி. முடிவில்லாத காலமாக, முடிவில்லாத வெளியில் விண்மீன்கள் எரிந்துகொண்டிருந்திருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனில் போய் முட்டும். வானம் முழுக்கச் சூரியனாகத் தகித்துக்கொண்டிருக்கும். 1823இல் ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ் இந்தப் புதிரைப் பேசினார். வானம் கறுப்பாக இருப்பதற்குப் பெரும்பகுதிக் காரணம், தொலைவிலுள்ளவற்றின் ஒளி வந்துசேரும் அளவுக்குப் பிரபஞ்சத்துக்கு வயதாகவில்லை என்பது.

முடிவிலியை நினைத்தால் தலை சுற்றுகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். நாம் "பெரியது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதை இன்னும் இழுத்து முடிவிலியை எட்டப் பார்க்கிறோம். முடிவிலி பெரிய எண்ணே அல்ல. அதன் குணமே வேறு. 1, 2, 3 என்று எண்களை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் இரட்டிப்பை எழுதுங்கள்: 2, 4, 6. கீழ் வரிசையில் இரட்டைப்படை எண்கள் மட்டுமே இருக்கின்றன, மேல் வரிசையில் எல்லா எண்களும். ஆனாலும் இரண்டிலும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி இருக்கிறது, ஒன்றும் மிஞ்சவில்லை. பாதி முழுமைக்குச் சமமாக நிற்கிறது. ஜெர்மானியக் கணிதவியலாளர் கேன்டர் 1874இல் இன்னும் மேலே போய், முடிவிலிகளுக்குள்ளேயே சிறிதும் பெரிதும் உண்டு என்று நிறுவினார். விரலும் பொருளும் எண்ணிப் பழகிய மூளை இதில் தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது?

1964-65இல் அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நீங்காத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். பிரபஞ்சம் சுமார் 3,80,000 வயதாக இருந்தபோது விடுபட்ட ஒளி அது, முன்பு சொன்ன ஆதிக் கதிர்வீச்சு. இன்று ஆறிப்போய் 2.7 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதுவரை நேரடியாகப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தைய நிமிடங்களைக் கணக்கால் எட்டலாம். தொடக்க நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்குள் நுழையும்போது நம்மிடம் இருக்கும் சமன்பாடுகள் உடைகின்றன. "முன்னால்" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இருக்கிறதா என்பது திறந்தே கிடக்கும் கேள்வி. "ஒன்றுமே இல்லாமலிருந்தது" என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அந்த "ஒன்றுமில்லை" என்பதுதான் என்ன?

நம் மொழி இதில் நமக்கு உதவுகிறது. அன்றாடப் பேச்சில் நாம் அதை ஒரு பொருள்போலப் பெயரிட்டுச் சொல்வதில்லை. "ஒன்றும் இல்லை" என்கிறோம்: எதை எடுத்தாலும் அது இல்லை. மறுப்பாகத்தான் சொல்கிறோம். சூன்யம், வெறுமை என்று பெயர்ச்சொல் ஆக்கியதும்தான் அது கரிய குழி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கத் தொடங்குகிறது.

இயற்கையில் அப்படி ஒரு குழியைக் கண்டவர் இல்லை. 1643இல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தார். பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்துக்கு இறங்கி நின்றது. மேலே வெற்றிடம் விட்டது. காற்று இல்லாத இடத்தை உருவாக்கிவிட்டார்கள். ஆனால் ஒளி அதன் ஊடே போகிறது, ஈர்ப்பும் போகிறது. விண்மீன் மண்டலங்களுக்கு இடையே இருக்கும் பாழ்வெளியில்கூட, ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது விரல்நுனி அளவு இடத்தில், ஆதிக் கதிர்வீச்சின் ஒளித்துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. அவற்றையும் தடுத்துவிட்டால்? மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் கணித்தார். 1997இல் அதைத் துல்லியமாக அளந்தும் விட்டார்கள். காலி என்று நாம் நினைக்கும் இடத்திலும் மின்காந்தப் புலம் போன்ற புலங்கள் ஓய்வதில்லை.

ஆக, "ஒன்றுமில்லாமையிலிருந்து பிரபஞ்சம் வந்தது" என்று இயற்பியல் புத்தகத்தில் படித்தால், அந்த ஒன்றுமில்லாமையில் வெளியும் விதிகளும் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அப்படியானால் ஏன் எதுவுமே இல்லாமல் போகாமல், ஏதோ ஒன்று இருக்கிறது?

ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1714இல் எழுதிவைத்த கேள்வி. 300 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இறைவன் என்பார்கள், தேவையால் என்பார்கள், தற்செயல் என்பார்கள், எந்தப் பதிலைச் சொன்னாலும் "அது ஏன்?" என்று இன்னொரு முறை கேட்க இடம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு முன்னால் நான் வாயடைத்துத்தான் நிற்கிறேன். அப்படி நிற்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது.

இறக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதயம் நின்ற பத்து இருபது நொடிகளில் நினைவு தப்பிவிடும். வெகு விரைவில் மூளையின் மின்பதிவு தட்டையாகும். நாலைந்து நிமிடத்தில் நரம்பணுக்கள் சேதப்படத் தொடங்கும். கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழிப் படலம் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கண்தானம் சாத்தியமாவது அதனால். தசைகள் இறுகுவது சில மணி நேரம் கழித்து. இறுகுவதற்கு ஆற்றல் வேண்டும், தளர்வதற்குத் தேவையில்லை என்று நினைப்போம். தசை தளரத்தான் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அது தீர்ந்ததும் உடல் விறைக்கிறது.

எனவே இறப்பு ஒரு நொடியில் முடிகிற காரியம் இல்லை. எந்தப் புள்ளியை இறப்பு என்று வைப்பது என்பதே மனிதர்கள் கூடி எடுத்த முடிவு. மூளை மீளமுடியாமல் செயலிழப்பதை அளவுகோலாக்கலாம் என்று ஹார்வர்டு குழு ஒன்று சொன்னது 1968இல்தான்.

இறந்து திரும்பி வந்தவர்கள் ஒளியைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், பொய் சொல்வதாக நான் எண்ணவில்லை. நெதர்லாந்தில் இதயத்துடிப்பு நின்று உயிர்மீட்கப்பட்ட 344 பேரிடம் விசாரித்து 2001இல் வெளியான ஆய்வில் 62 பேருக்கு அப்படி ஏதோ ஓர் அனுபவம் நினைவிருந்தது. 2023இல் அமெரிக்காவில் உயிர்காப்புக் கருவி எடுக்கப்பட்ட 4 நோயாளிகளின் மூளைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 2 பேருக்குக் கடைசி நேரத்தில் காமா அலைகள் எனப்படும் வேகமான மூளை மின்னலைகள் திடீரென்று எழும்பியிருந்தன. அந்த இருவரும் என்ன உணர்ந்தார்கள் என்று சொல்ல அவர்கள் இல்லை.

இந்தச் சாட்சியங்கள் இறப்பின் வாசல்வரை போனவர்களுடையவை. மூளை முழுதும் அழிந்து மீண்டவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அந்த அனுபவம் பெற்றவர்களில் பலருக்குச் சாவுபயம் குறைந்துவிடுகிறது. அது பெரிய விஷயம், அதை யாரும் அலட்சியமாகப் பேசக் கூடாது.

ஆற்றல் அழியாது என்பது விதி. அப்படியானால் உயிரும் அழியாதுதானே?

இதை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கேட்டால் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறது. இறந்தபின் உடலில் எஞ்சிய வெப்பம் சுற்றியுள்ள காற்றுக்குப் போகிறது. வேதி ஆற்றல் மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிறது. கணக்கு நேராகிவிடுகிறது, மிச்சமில்லை.

ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். பிறகு அவிழுங்கள். கயிற்றில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. முடிச்சு எங்கே போனது? எங்கும் போகவில்லை, அது கயிறு இருந்த விதம். நான் என்பது இப்படி ஒரு முடிச்சு என்றே எனக்குப் படுகிறது. ஆன்மா வேறு என்று நம்புகிறவர்கள் நம்பலாம், அதை என்னால் பொய் என்று காட்ட முடியாது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆற்றல் அழியா விதி முட்டுக்கொடுக்காது.

இறந்தபின் முடிவில்லாத இருட்டா?

மிக அதிகமாக வரும் கேள்வி. கேட்கும்போது குரல் தழைந்துவிடும்.

எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மேசையில் படுத்தபோது எதிர்ச் சுவரில் கடிகாரம் 9:40 காட்டியது. மயக்க மருந்து ஊசி ஏறியது; கையில் குளிர்ச்சி ஓடியது. உடனே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேறு அறை, வேறு கடிகாரம், மணி 1:15. மூன்றரை மணி நேரம் போயிருந்தது. தூங்கி எழுந்தால் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும் என்ற உணர்வாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. இருட்டைக்கூட நான் பார்க்கவில்லை. இருட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

மயக்கம் சாவு ஆகாது. மூளை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பயத்தின் படத்தில் இருக்கும் பிழையை அது எனக்குக் காட்டிக்கொடுத்தது. கல்லறைக்குள் கண் விழித்துக் கிடப்பதாக, முடிவில்லாத வெளியில் தனியே மிதப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். இல்லாமல் போன பிறகும் அங்கே நம்மைக் கள்ளத்தனமாக உட்காரவைத்துவிடுகிறோம். சாவு இருக்கும் இடத்தில் நாம் இல்லை என்று கிரேக்க ஞானி எபிகியூரஸ் 2,300 ஆண்டுக்கு முன் சொன்னது இதைத்தான். நீங்கள் பிறப்பதற்கு முன் 1,380 கோடி ஆண்டுகள் போயின. அந்தக் காத்திருப்பு உங்களுக்கு நீளமாக இருந்ததா?

இது முழு மருந்து என்று சொல்ல மாட்டேன். இருட்டுக்கு அஞ்சுவது ஒன்று. பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் போய்விடுவோமே என்று தவிப்பது இன்னொன்று. முதலாவது கரையலாம். இரண்டாவது அன்பின் விலை. அதற்கு வாதம் எதுவும் என்னிடம் இல்லை.

நம் அணுக்கள் என்ன ஆகும்?

போய்க்கொண்டே இருக்கும். உங்கள் உடலில் உள்ள ஹைட்ரஜனில் பெரும்பகுதி பெருவெடிப்பின் முதல் நிமிடங்களிலிருந்து வந்தது. எலும்பின் கால்சியமும் குருதியின் இரும்பும் விண்மீன்களில் வெந்து, வெடித்துச் சிதறியவை. உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட ஆக்சிஜன், அதுவும் விண்மீன்களின் கைவேலை. இரவல் வாங்கியது திரும்பிப் போகிறது. "இயற்கை எய்தினார்" என்று நாம் எழுதுவது வேதியியல்படி மிகச் சரி. என்றாலும் அம்மாவின் அணுக்கள் காற்றில் இருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. நான் நேசித்தது அணுக்களை அல்ல.

கடைசியில் சூரியனே அழியும் என்றால், நாம் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்?

சூரியனுக்கு இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டு இருக்கிறது. புதிய விண்மீன்கள் பிறப்பது நிற்க சுமார் 100 லட்சம் கோடி ஆண்டு ஆகலாம். அதன்பின் நீண்ட குளிர். சரி. பல்வலி என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. அதனால் அது பொய் என்று யாராவது சொல்வார்களா? வலிக்கு வைக்காத நிபந்தனையை மகிழ்ச்சிக்கு மட்டும் ஏன் வைக்கிறோம்?

இந்தக் கேள்விகளையே கேட்கக் கூடாது என்று புத்தர் சொன்னதாகச் சொல்கிறார்களே?

பதில் சொல்ல மறுத்தார். உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, விடுதலை பெற்றவர் இறந்தபின் இருக்கிறாரா என்று பத்துக் கேள்விகளின் பட்டியலே உண்டு. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு விடாமல் கேட்க, அம்பு தைத்த ஒருவன் எய்தவன் யார், வில் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடிப்பது போன்றது இது என்றார். வெளியின் எல்லையும் சாவுக்குப் பிந்தைய நிலையும் அன்றே ஒரே பட்டியலில் இருந்திருக்கின்றன பாருங்கள். வலியில் இருப்பவருக்கு முதலில் அம்பைப் பிடுங்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். காயம் ஆறியவர் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

நடு இரவில் இந்த நினைப்பு வந்து நெஞ்சை அடைக்கிறது. என்ன செய்வது?

எழுந்து விளக்கைப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாராவது விழித்திருந்தால் பேசுங்கள். மூன்று மணிக்கு யோசிப்பது பெரும்பாலும் சிந்தனையே இல்லை. களைப்புக்குச் சிந்தனையின் உருவம். பல வாரம் தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, தத்துவத்தில் தீர்வு தேடாமல் அன்றே மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள்.

இறந்தவர்கள் எங்குமே இல்லையா?

அம்மா காலையில் போனார். வீட்டில் எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்திருந்த அன்றிரவு ஒன்பது மணிக்கு என் போனில் அலாரம் அடித்தது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரைக்கு வைத்தது. பழக்கத்தில் எழுந்து நாலு அடி நடந்த பிறகுதான் எதற்காக எழுந்தேன் என்று புரிந்தது. அதைவிடத் தெளிவாக "இல்லை" என்ற சொல்லை நான் அறிந்ததில்லை.

பல மாதம் கழித்துத்தான் இன்னொன்று தோன்றியது. சார்பியல் கொள்கைப்படி, "இப்போது" என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரு கோடு கிடையாது. என் இப்போது வேறு, வேகமாக நகர்பவரின் இப்போது வேறு. அதனால் கடந்தகாலமும் எதிர்காலமும் இடங்களைப் போலவே சமமாக இருக்கின்றன என்று கருதும் இயற்பியலாளர்கள் பலர். தம் நண்பர் பெஸ்ஸோ 1955இல் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் இதைத்தான் ஆறுதலாகச் சொன்னார். இதை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தொலைதூர மண்டலங்கள் நினைவுக்கு வந்தன. அம்மா வாழ்ந்த 71 ஆண்டுகள் என்னால் இனி எட்ட முடியாத தொலைவில் இருக்கின்றன. அவை நடக்கவில்லை என்று ஆக்க எந்தக் குளிராலும் முடியாது. "காலமானார்" என்று அறிவிப்பில் அச்சடித்திருந்தோம். அந்தச் சொல்லை அப்போது படித்துப் பார்க்கவே இல்லை.

குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

"தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சில குழந்தைகள் தூங்கப் பயப்படத் தொடங்கிவிடும். "உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, திரும்பி வரமாட்டார்" என்று சின்னச் சொற்களில் உள்ளதைச் சொல்லலாம். உங்கள் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லலாம்.

ஒருநாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தொலைநோக்கியில் கண் வைத்தபடியே, "பாட்டி அங்கதான் இருக்காங்களா மாமா?" என்றாள். அவள் அப்பா பின்னால் அசையாமல் நின்றார். அங்கே இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு குழாயை அபிஜித் (வேகா) விண்மீனுக்குத் திருப்பினேன். "இப்ப உன் கண்ணுக்குள்ள வர்ற இந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி 25 வருஷம் ஆச்சு. அது கிளம்பினப்ப பாட்டி இருந்தாங்க."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப பாட்டிக்கு முடி கருப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றது இருட்டிலிருந்து அவள் அப்பாவின் குரல். "இடுப்பு வரைக்கும்."